லிஃப்ட் பயம் போக மூளையை எப்படிப் பழக்குவது

லிஃப்ட் கதவு மூடினாலே நெஞ்சு படபடக்கிறது, அதனால் எட்டாவது மாடியானாலும் படியேறியே போய்விடுகிறேன் என்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வீட்டில் எல்லோரும் அவர்களைக் கேட்பது ஒரே கேள்விதான்: "அதில் பயப்பட என்ன இருக்கு?" இந்தக் கேள்வியால் யாருக்கும் பயம் போனதில்லை. கேள்வி போய்ச் சேரும் இடம் வேறு, பயம் கிளம்பும் இடம் வேறு.

மூளையின் ஆழத்தில், காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்து என்று அதற்குத் தோன்றிவிட்டால் நீங்கள் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்காது. அதன் சமிக்ஞை போன உடனே மூளைத்தண்டில் நோர்அட்ரீனலினும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரீனலினும் பாயும், இரண்டும் உடலை உஷார்படுத்தும் வேதிப்பொருட்கள். இதயம் அடித்துக்கொள்வது, உள்ளங்கை வியர்ப்பது, வாய் உலர்வது எல்லாம் அந்த வேலைதான். கதவு மூடும் சத்தமும் திகிலும் ஒரே நேரத்தில் வந்திருந்தால், அந்த இரண்டையும் சேர்க்கும் நரம்பிணைப்புகள் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியாகப் பலப்பட்டுவிடும். அப்புறம் சத்தம் மட்டுமே போதும்.

எப்போது ஆரம்பித்தது என்று நினைவில்லையா? பரவாயில்லை, அதைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். கிளாபரேட் என்ற சுவிஸ் மருத்துவர் 1911இல் ஒரு சம்பவத்தை எழுதினார். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அவர் தன் கையில் ஊசியை மறைத்துக்கொண்டு கைகொடுத்தார். அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கு ஊசி குத்தியது ஞாபகமில்லை, ஆனாலும் கையை இழுத்துக்கொண்டார். பயம் தங்குவதற்குக் கதை நினைவில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழகப் பழகப் பயம் அழிந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அழிவதில்லை. ஓசை கேட்டால் எச்சில் ஊறப் பழகிய நாய்களுக்குச் சாப்பாடு தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தபோது எச்சில் நின்றுபோனதையும், கொஞ்சம் இடைவெளி விட்டதும் தானாகத் திரும்பி வந்ததையும் அந்தச் சோதனைகளைச் செய்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே கவனித்திருந்தார். பழைய பாடம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் "இப்போது ஒன்றும் ஆகாது" என்ற இரண்டாவது பாடம் எழுதப்படுகிறது. அந்தப் பாடத்தில் பெரிய பங்கு நெற்றிக்குப் பின்னால், அடிப்பகுதியில் இருக்கும் முன்மூளைப் புறணிக்கு. காபா என்ற வேதிப்பொருளை வெளியிடும் அணுக்கள் வழியாக அது அமிக்டலாவை அடக்குகிறது. 2002இல் மிலாட், குவிர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் இதற்கு இணையான பகுதியின் மின்துடிப்பைப் பதிவு செய்து, பயம் தணிந்ததை எலி மறுநாள் நினைவுகூரும்போது அந்த அணுக்கள் துடிப்பதைக் காட்டினார்கள். நாம் செய்யப்போகும் பயிற்சி முழுக்க இந்த இரண்டாவது பாடத்தைப் பலப்படுத்தத்தான்.

முதலில் ஒரு சின்ன நோட்டு எடுங்கள். லிஃப்டுக்குள் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை மழுப்பாமல் எழுதுங்கள். "பயமா இருக்கும்" என்று எழுதினால் போதாது. "மூன்றாவது மாடிக்குள் மூச்சு நின்று மயங்கி விழுவேன்" என்று எழுதுங்கள், எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்று நூற்றுக்கு ஒரு மார்க்கும் போடுங்கள். வெளியே வந்ததும் அதற்குக் கீழேயே உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்ற அந்த வித்தியாசத்தில்தான் மூளை புதிதாகக் கற்கிறது, அதனால் இந்த நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நிற்பதில் ஆரம்பிக்கலாம், பிறகு ஒரு மாடி, பிறகு மேலே கீழே நாலைந்து தடவை. பயம் உச்சத்துக்கு வரும்போது இறங்கி ஓடிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த நொடியில் வரும் நிம்மதி "தப்பித்தோம், இல்லாவிட்டால் செத்திருப்போம்" என்று பழைய பாடத்துக்கே வலு சேர்க்கும். பயம் பூஜ்யமாக வேண்டும் என்பதில்லை. பயத்தோடு நின்றும் நினைத்தது நடக்கவில்லை என்பதே போதும்.

அப்புறம் துணைக்கருவிகள். தண்ணீர் பாட்டில், கையிலேயே போன், கதவு திறக்கும் பட்டன்மேல் ஒரு விரல், வெளியே காத்திருக்கும் கணவர். இவை இருக்கும்வரை "இதனால்தான் பிழைத்தேன்" என்று மூளை கணக்கெழுதிக்கொள்ளும். ஆரம்பத்தில் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோன, எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண் பாம்பையும் சிலந்தியையும் பார்த்துப் பயப்படாதவர். 2013இல் வெளியான ஆய்வில் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்ததும் அவரே பீதியில் துடித்துவிட்டார். மூச்சு சார்ந்த பீதிக்கு அமிக்டலா இல்லாத தனி வழியும் உண்டு என்று அதில் தெரிந்தது. லிஃப்டில் காற்று தீர்ந்துபோவதில்லை, அது காற்றுப்புகாத பெட்டி கிடையாது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால்தான் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைசுற்றலும் விரல் மதமதப்பும் வருகின்றன. அந்தச் சமயத்தில் ஆழமாக இழுக்காதீர்கள், மெதுவாக வெளியே விடுங்கள்.

இரண்டாவது பாடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், இடத்தை அடையாளம் காணும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி இதில் சேர்ந்திருப்பதால். உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் தைரியம் வந்தவருக்கு ஆஸ்பத்திரி லிஃப்டில் கைகால் நடுங்கலாம். அதனால் ஸ்டூல் போட்டு ஆள் உட்கார்ந்திருக்கும் ஜவுளிக்கடை லிஃப்ட், மாலில் இருக்கும் கண்ணாடி லிஃப்ட், கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்ட் என்று மாற்றி மாற்றி ஏறுங்கள், கூட்டத்தோடும் தனியாகவும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடிக்காமல் பல நாட்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள், இரவு நன்றாகத் தூங்குங்கள்.

நடுவில் கரண்ட் போய் நின்றுவிட்டால் அலாரம் பட்டனை அழுத்திவிட்டு உள்ளேயே இருங்கள். கதவை நீங்களாக நெம்பி இரண்டு மாடிக்கு நடுவே குதிப்பதுதான் நிஜமான ஆபத்து.

சில மாதம் கழித்து பயம் திடீரென்று தலைகாட்டினால், பாவ்லோவின் நாய்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும். அந்த வாரமே நோட்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறுங்கள், இந்தமுறை சீக்கிரம் அடங்கும். படபடப்பு லிஃப்டுக்கு வெளியிலும் வருகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் முதலில் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்தப் பயிற்சியைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் காபாவின் வேலையைக் கூட்டும் சில மாத்திரைகள் புதிய பாடம் பதிவதைக் குறைக்கக்கூடும்.