கலங்கிய மனதைத் தேற்ற ஒரே ஒரு வேதாகம வசனம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் செய்முறை

ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போது செங்கலங்கலாகத்தான் வரும். அதைக் குடத்தில் பிடித்துத் தெளியவைக்க, குடத்தின் உட்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைப்பது பழைய வழக்கம். உரைத்ததுமே தெளிந்துவிடாது. குடத்தை ஆட்டாமல் ஓர் ஓரமாக வைத்தால் மண் மெல்ல அடியில் படியும். மண் எங்கும் போய்விடவில்லை, அடியில்தான் கிடக்கிறது. ஆனாலும் மேல்தண்ணீரை மொண்டு குடிக்கலாம்.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மனதுக்கும் இதே சொற்களைத்தான் வைத்திருக்கிறது. "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று யோவான் 14:1 தொடங்குகிறது. "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது" என்கிறது சங்கீதம் 94:19. கலங்கல், தேற்றல் இரண்டும் குடத்துத் தண்ணீருக்கும் பொருந்தும், நடுராத்திரியில் விழித்துக் கிடக்கிறவருக்கும் பொருந்தும். கீழே உள்ள முறையும் அந்தக் குடத்து வேலைதான்: ஒரு கொட்டை, நிதானமான உரைப்பு, பிறகு ஆட்டாமல் விடுவது. தினம் 15 நிமிடம், ஏழு நாள்.

என்னென்ன வேண்டும்

ஒரு வேதாகமம், 40 பக்க நோட்டு ஒன்று, பேனா. செல்போனில் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் நெட்டை அணைத்துவிட்டுப் படியுங்கள். வசனத்தின் நடுவில் வாட்ஸ்அப் மணி அடித்தால் குடத்தை உதைத்த மாதிரி.

எந்த வேதாகமம் என்ற கேள்வி வரும். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே 1715இல் அச்சாகி முடிந்தது. அதற்குப் பிறகு பல கைகள் திருத்தி, 1871இல் வெளிவந்த திருத்தத்தைத்தான் இன்றும் பெரும்பாலான சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் கையில் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். அதில் சங்கீதம் 'திருப்பாடல்கள்' என்றும் கர்த்தர் 'ஆண்டவர்' என்றும் இருக்கும்.

மனப்பாடம் செய்யப் பழையதே வசதி, அதற்கு ஒரு தாளம் இருக்கிறது. பொருள் புரியாதபோது திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை 'நான் அவமானப்பட மாட்டேன்' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இங்கே தாழ்ச்சி என்றால் குறைவு. திருவிவிலியம் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

படி 1: பயத்துக்குப் பெயர் வையுங்கள்

வேதாகமத்தைத் திறக்கும் முன் நோட்டைத் திறங்கள். 'மனசு சரியில்லை' என்று எழுதினால் எந்த வசனமும் பொருந்தாது, எல்லா வசனமும் பொருந்துகிற மாதிரியும் இருக்கும். என்ன பயம் என்று ஒரே வரியில் எழுத வேண்டும்: 'ஜூன் 12க்கு மேட்டூர் திறக்காவிட்டால் குறுவைக்கு வாங்கின நகைக்கடன் என்னாகும்.' 'கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் நெல் மழையில் நனைந்தால் ஈரப்பதம் என்று திருப்பிவிடுவார்கள்.' 'வியாழக்கிழமை அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது.' 'தம்பி சிங்கப்பூரிலிருந்து பத்து நாளாகப் பேசவில்லை.'

எழுதி முடித்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். இனி வரப்போவதைப் பற்றிய பயமா, ஏற்கெனவே நடந்த இழப்பா, முடிவு தெரியாத காத்திருப்பா, அல்லது வெறும் உடல் அசதியா? வசனம் இதைப் பார்த்துத்தான் அமையும்.

படி 2: ஒரே ஒரு வசனம்

கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கம் வேண்டாம். லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டம் வந்து நிற்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவருக்கு அது இன்னொரு பயம். புதுவருஷ ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது உங்கள் இன்றைய பயத்தைப் பார்த்து எழுதியதல்ல.

வரப்போவதைப் பற்றிய பயத்துக்கு ஏசாயா 41:10. காத்திருப்புக்கு பிலிப்பியர் 4:6, 7. ஒரு நாள் ஓடினால் போதும் என்ற நிலைக்கு மத்தேயு 6:34: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." மூச்சு வாங்குகிற படபடப்புக்கு சங்கீதம் 56:3, இதில் ஐந்தே சொல், அதனால் அந்த நேரத்திலும் வாயில் நிற்கும். தூக்கம் வராத ராத்திரிக்கு சங்கீதம் 4:8. வெறும் உடல் அசதி என்றால் முதலில் சாப்பாடும் தூக்கமும், அதைக் கீழே 'எங்கே கெடுகிறது' பகுதியில் பாருங்கள்.

இழப்புக்கு வேறு வசனம் வேண்டும். பயிர் போனவரிடம் 'பயப்படாதே' என்று சொல்வதில் அர்த்தமில்லை, பயந்தது நடந்தே விட்டது. அவருக்கு ஆபகூக் 3:17, 18. அத்திமரமும் திராட்சையும் ஒலிவமும் நம் ஊர்ப் பயிர் இல்லை. ஆனால் "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்", "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" என்ற வரிகளுக்குத் தஞ்சாவூரில் யாரும் விளக்கவுரை கேட்க மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன வேதாரண்யம், பேராவூரணிப் பக்கம் இன்னும் கேட்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. சங்கீதம் 46 ஆறுதலுக்குப் பேர்போனது. ஆனால் அதன் 3ஆம் வசனத்தில் ஜலங்கள் கொந்தளித்துப் பொங்குகின்றன. 2004 டிசம்பர் 26இல் கடலுக்கு ஆளைக் கொடுத்த நாகப்பட்டினம் கரைக் குடும்பத்தில் அதை முதல் வசனமாக எடுத்து நீட்டாதீர்கள். சங்கீதம் 34:18 போதும்: "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து" என்று தொடங்குவது.

படி 3: வசனத்தின் அக்கம்பக்கம்

எடுத்த வசனத்துக்கு முன்னே பத்து, பின்னே பத்து வசனம் படியுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் ஏமாற்றம் வரும். எரேமியா 29:11 அட்டையிலும் காலண்டரிலும் அதிகம் காணும் வசனம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்கிறார். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குப் போன கடிதம். அதற்கு முந்தைய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5ஆம் வசனம், அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டிச் சாப்பிடுங்கள் என்கிறது. அடுத்த மாதம் கடன் தீரும் என்பதற்கு அதைச் சீட்டாக எடுத்தால் அடுத்த மாதம் மனம் முறியும். முழுதாகப் படித்தால் வேறொரு தைரியம் கிடைக்கும்: தாமதமானாலும் நாற்று விடலாம்.

படி 4: உரைப்பது

முக்கால்வாசி வேலை இங்கேதான். முதல் சங்கீதம் வேதத்தில் இரவும் பகலும் "தியானமாயிருக்கிற" மனுஷனைப் பற்றிப் பேசும். அந்த இடத்து எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுத்தல் என்றும் பொருள் உண்டு. ஆகவே உதடு அசையட்டும். மனதுக்குள் படித்தால் இரண்டாவது நிமிடமே மனம் வட்டிக்கடைக்குப் போய்விடும்.

முதுகு சாய்த்து உட்காருங்கள், தரையானாலும் நாற்காலியானாலும் சரி. சங்கீதம் 56:3ஐ இப்படிப் பிரியுங்கள். மூச்சை இழுக்கும்போது மனதில்: "நான் பயப்படுகிற நாளில்". விடும்போது வாயால்: "உம்மை நம்புவேன்." விடுகிற மூச்சு இழுக்கிற மூச்சைவிட நீளமாக இருக்கட்டும், அப்போது உடம்பின் படபடப்பும் இறங்கும். பத்து முறை. வேகமாகச் சொன்னால் தலை சுற்றும். சுற்றினால் நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள்.

கவனித்தால், அந்த வசனம் 'நான் பயப்பட மாட்டேன்' என்று சொல்லவில்லை. பயப்படுகிற நாள் ஒன்று உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

ஏசாயா 41:10 நீளமானது, ஏழு துண்டாக்குங்கள். "நீ பயப்படாதே" என்றதும் காரணம் வருகிறது: "நான் உன்னுடனே இருக்கிறேன்." "திகையாதே" என்றதும் மறுபடி காரணம்: "நான் உன் தேவன்." பிறகு மூன்று செயல்: பலப்படுத்துவது, சகாயம்பண்ணுவது, "என் நீதியின் வலதுகரத்தினால்" தாங்குவது. முதல் நாள் முதல் இரண்டு துண்டு மட்டும். இரண்டாம் நாள் நான்கு. நான்காம் நாளுக்குள் முழு வசனமும் புத்தகம் பார்க்காமல் வந்துவிடும். ஒரே நாளில் விழுங்கப் பார்த்தால் பரீட்சைக்குப் படித்த மாதிரி வாய் சொல்லும், மனம் சும்மா இருக்கும்.

உரைக்கும்போது ஒரு சொல்லில் நின்று பாருங்கள். 1 பேதுரு 5:7: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." விசாரணை என்றால் இப்போது போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. ஆனால் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் 'போய் விசாரிச்சுட்டு வந்தியா?' என்று வீட்டில் கேட்கிறோமே, அந்த விசாரிப்புத்தான் இது. சங்கீதம் 94இல் விசாரம் என்றால் கவலை. இங்கே விசாரிக்கிறவர் என்றால் அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர். ஒரே சொல்லின் இரண்டு பக்கம். 'வைத்துவிடுங்கள்' என்பதற்குப் பழைய சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளலாம். தலைச்சுமையை அதன்மேல் இறக்கி நிமிர்கிறவர், சுமையே இல்லை என்று நடிப்பதில்லை.

படி 5: கேட்பது

பிலிப்பியர் 4:6இல் கவலைப்படாமல் என்பதோடு வசனம் நிற்கவில்லை. "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று போகிறது. இதை எழுதும்போது பவுல் காவலில் இருந்தார். ஆகவே நோட்டில் இரண்டு வரி: படி 1இல் எழுதிய பயத்தையே கேள்வியாக மாற்றி ஒன்று, இன்று கிடைத்த ஏதாவது ஒன்றுக்கு நன்றி ஒன்று. 'பம்புசெட் இன்று ஓடியது' போதும். பெரிய பெரிய ஜெப வார்த்தைகள் தேவையில்லை, வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

படி 6: இன்றைக்குள் ஒரு வேலை

சின்னதாக ஒன்று. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. அலுவலகம் போவது, நெல்லுக்குத் தார்ப்பாய் எடுத்துவைப்பது, தம்பியின் நண்பருக்கு ஒரு போன். வசனம் வேலைக்குப் பதிலாக அல்ல.

எங்கே கெடுகிறது

மூன்றாம் நாள் எதுவும் தோன்றாது. வசனம் வெறும் சொல்லாகத் தெரியும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வசனத்தை மாற்றுகிறார்கள். குடத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் மறுபடி கலங்கும். ஏழு நாள் முடியட்டும்.

இரண்டாவது தவறு, 'கவலைப்படாதிருங்கள்' என்பதைத் திட்டாக எடுத்துக்கொள்வது. கவலைப்படுகிறேன், அப்படியானால் விசுவாசம் இல்லை, அதற்கும் சேர்த்துக் கவலை என்று சுற்றும். இப்படிப்பட்டவர்கள் முதல் வாரம் சங்கீதம் 13 எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது நேராகவே கேட்கிறது. சங்கீதம் 88 இன்னும் கடுமை, கடைசி வரி வரைக்கும் விடியாது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, அடுத்தவருக்கு வசனம் அனுப்புவது. துக்க வீட்டுக்கு, சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்கிற ரோமர் 8:28ஐப் பூப்படத்தோடு ஃபார்வர்டு செய்யாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. போய் உட்காருங்கள், காபி போட்டுக் கொடுங்கள். அவர் கேட்டால் ஒரு வசனம்.

உடல் அசதியை ஆவிக்குரிய குறையாக எடுத்துக்கொள்வது நான்காவது. 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, தட்டியெழுப்பி, சாப்பிடு என்றான். மறுபடி தூங்கவிட்டு மறுபடி சாப்பிடு என்றான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவர் முதலில் ஒரு தட்டு ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு வசனத்துக்கு வரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாமே கெட்டிருந்தால் வசனத்தோடு வைத்தியரையும் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, டெலி மானஸ் 14416க்குப் போன் போடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். ஜெபம் பண்ணுகிறோமே என்று மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். லூக்கா வைத்தியர், பவுல் அவரைக் கூடவே வைத்திருந்தார்.

எட்டாம் நாள்

நோட்டில் எழுதிய முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். பயம் அப்படியே இருந்து, ஆனால் ராத்திரி தூங்க முடிகிறது என்றால் வசனம் வேலை செய்கிறது. இன்னும் ஒரு வாரம் அதையே வையுங்கள். பயத்தின் வகை மாறியிருந்தால், ரிப்போர்ட் வந்து காத்திருப்பு முடிந்து இழப்பாகிவிட்டது போல, படி 2க்குத் திரும்புங்கள். தேதி போட்டு வசன எண்ணையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஐப்பசியில் புயல் சின்னம் என்று ரேடியோ சொல்லும்போது, போன தடவை எது நின்றது என்று தேட அந்த நோட்டு வேண்டியிருக்கும்.