கணினித் தகவல் அமைப்புப் பட்டப்படிப்பு: ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு எல்லாப் பாடங்களையும் படிக்கும் முறை

கணினித் தகவல் அமைப்புகள் இளநிலைப் பட்டப்படிப்பைக் கணினி அறிவியலின் எளிய வடிவம் என்று எண்ணிக்கொண்டு சேர்பவர்கள் பலர். கணினி அறிவியல், கணிப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதை எவ்வளவு விரைவாக்கலாம் என்று ஆராய்கிறது. இந்தப் படிப்போ, ஒரு நிறுவனத்திற்குள் தகவல் எங்கே உருவாகிறது, யார் கைக்குப் போகிறது, எந்த முடிவை எடுக்கப் பயன்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றோடு கணக்கியலும் மேலாண்மையும் புள்ளியியலும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை; ஒரே எடுத்துக்காட்டை எல்லாப் பாடங்களுக்கும் எடுத்துச் செல்வதே நான் பரிந்துரைக்கும் வழி.

படி 1: பாடங்களின் சார்பை வரைந்துகொள்ளுங்கள்

எந்தப் பாடம் எதை நம்பி நிற்கிறது என்பதை ஒரு தாளில் அம்புக்குறிகளால் காட்டுங்கள். தரவுத்தளமும் அடிப்படை நிரலாக்கமும் பெரும்பாலான அம்புகள் புறப்படும் இடங்களாக இருக்கும். முதலாண்டு உழைப்பின் பெரும்பகுதி அங்கேயே செல்லட்டும்.

படி 2: ஒரு பணியைத் தேர்ந்து எழுத்தில் வடியுங்கள்

நூலகத்தில் நூல் இரவல் கொடுக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். யார் கேட்கிறார், யார் சரிபார்க்கிறார், எது பதிவாகிறது என்று முழு வாக்கியங்களில் எழுதுங்கள். பிறகு விதிவிலக்குகளை எழுதுங்கள்: நூல் தொலைந்தால் என்ன ஆகும்? உறுப்பினர் காலக்கெடுவை நீட்டிக்கக் கேட்டால்? அமைப்புப் பகுப்பாய்வு என்ற பாடம் பிற்பாடு கேட்கப்போவதும் இதே கேள்விகளைத்தான்.

படி 3: அட்டவணைகளாகப் பிரியுங்கள்

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். முதலில் உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், நூலின் தலைப்பு, இரவல் நாள் எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஒரே அட்டவணையில் போட்டு நிரப்புங்கள். ஒருவர் எண்ணை மாற்றினால், அவர் நூல் எடுத்த ஒவ்வொரு வரியிலும் அதைத் திருத்த வேண்டியிருக்கும். ஒரு வரி விடுபட்டாலும் அவருக்கு இரண்டு எண்கள் ஆகிவிடும். ஒரே ஒருமுறை நூல் எடுத்தவரின் அந்தப் பதிவை நீக்கினால், உறுப்பினரே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுவார். இந்தச் சிக்கல்களைக் கண்ணால் கண்டபின் ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மலைசேஷன் விதிகளைப் படித்தால், அவை மனப்பாடமாக இல்லாமல் தேவையாகத் தெரியும்.

இப்போது உறுப்பினர், நூல், இரவல் என்று பிரியுங்கள். இங்கே பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. ஒரே தலைப்பில் மூன்று பிரதிகள் இருக்கலாம். இரவல் போவது தலைப்பு அல்ல, குறிப்பிட்ட ஒரு பிரதி. எனவே பிரதிக்குத் தனி அட்டவணையும், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும், பிரைமரி கீ எனப்படும் தனி முதன்மைத் திறவுகோலும் தேவை. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் முன்வைத்த, தரவை அட்டவணைகளாகக் காணும் உறவுமுறை மாதிரியும், கணினி அறிவியலாளர் பீட்டர் சென் 1976-இல் வெளியிட்ட, உறுப்பினர், நூல் போன்றவற்றையும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளையும் படமாகக் காட்டும் உருபொருள்-உறவு வரைபடமும் இந்தப் பிரிப்பைச் சிந்திக்க இன்றும் உதவும் கருவிகள்.

படி 4: எஸ்கியூஎல்லில் கேள்வி கேளுங்கள்

எஸ்கியூஎல் (SQL) என்பது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. அதைப் பழக எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வதால் தொடக்க நிலையில் அதுவே போதும். "இன்னும் திரும்பாத நூல்கள் எவை?" என்ற கேள்வியில் தொடங்குங்கள். திரும்பிய நாள் பதிவாகாத வரிகளில் அந்தக் கட்டம் 'நல்' (NULL) ஆக இருக்கும். அதைச் சமக்குறி கொண்டு ஒப்பிட்டால் பிழைச் செய்தியும் வராது, ஒரு வரியும் வராது. 'நல்' என்பது தெரியாத மதிப்பு. தெரியாத ஒன்றோடு ஒப்பிட்டால் விடையும் தெரியாததாகவே நிற்கும். வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) நிபந்தனையோ உண்மை என்று உறுதியான வரிகளை மட்டுமே தரும். 'இஸ் நல்' என்று எழுதும்போதுதான் விடை கிடைக்கும். அடுத்து, ஒருமுறைகூட நூல் எடுக்காத உறுப்பினர்களைத் தேடுங்கள். இரு அட்டவணைகளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் சாதாரண இணைப்பு அவர்களை விட்டுவிடும் என்பதும், பொருந்தாதவர்களையும் காட்டும் 'லெஃப்ட் ஜாயின்' ஏன் இருக்கிறது என்பதும் அப்போது விளங்கும்.

படி 5: மற்றப் பாடங்களையும் இதே பணியில் பொருத்துங்கள்

தாமதக் கட்டணம் ரொக்கமாக வசூலாகும்போது ரொக்கக் கணக்கில் பற்றும் வருவாய்க் கணக்கில் வரவும் சேர்ந்தே பதிவாக வேண்டும். ஒன்று மட்டும் பதிவானால் கணக்கு பொருந்தாது. தரவுத்தளத்தின் டிரான்சாக்‌ஷன் கோருவதும் அதையே: முழுவதும் நிகழ வேண்டும், இல்லையேல் எதுவுமே நிகழக்கூடாது. எஞ்சிய ஒரே பிரதியை இருவர் ஒரே நொடியில் முன்பதிவு செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒருவர் ஒரு பதிவை மாற்றி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்க வைக்கும் பூட்டுதலின் தேவை புரியும். யார் யாருடைய இரவல் வரலாற்றைப் பார்க்கலாம் என்பது தகவல் பாதுகாப்புப் பாடத்தின் கேள்வி.

படி 6: வாரந்தோறும் வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள்

குறிப்பேட்டை மூடிவிட்டு, அட்டவணைகளையும் அவற்றின் திறவுகோல்களையும் நினைவிலிருந்து வரையுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது கடினமானது. எது நினைவில் தங்கவில்லை என்பதை உடனே காட்டுவதும் இதுவே.

படி 7: இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு வளர்த்தெடுங்கள்

இதற்குள் தேவை ஆவணம், வரைபடம், தரவுத்தளம் மூன்றும் கையில் இருக்கும். திரைகளைச் சேர்த்தபின், இதை உருவாக்குவதில் பங்கேற்காத ஒருவரிடம் கொடுத்து ஒரு நூலை இரவல் பதியச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து, விளக்கம் எதுவும் தராமல், அவர் எந்தத் திரையில் தயங்கி நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்புகளையும் அவற்றுக்காகச் செய்த மாற்றங்களையும் திட்ட அறிக்கையின் சோதனை அத்தியாயத்தில் சேருங்கள்.