பங்குச் சந்தையின் பழைய சரிவுகளைப் படிப்பது எப்படி?

பங்கு முதலீட்டுக்குப் புதியவர்கள், பழைய சரிவுகளைப் பற்றிக் கேள்விப்படும்போது 'எத்தனை சதவீதம் விழுந்தது' என்பதையே மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். நீண்டகால முதலீட்டாளர் முதலில் கேட்க வேண்டியது, பழைய உச்சத்தை மீண்டும் தொட எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இதைப் பழகிவிடலாம்.

படி 1: தாளில் நான்கு கட்டங்கள் போட்டு, உச்சம், அடிமட்டம், சரிவு, மீட்சி எனத் தலைப்பிடுங்கள். முதல் வரிசையில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணை, அதாவது சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எண்ணை, எழுதுவோம். அது 2007 அக்டோபர் 9 அன்று 1,565 புள்ளிகளில் இருந்தது. 2009 மார்ச் 9 அன்று 677 புள்ளிகளுக்கு இறங்கியது. சரிவு ஏறத்தாழ 57 சதவீதம். பழைய உச்சத்தைத் தாண்டியது 2013 மார்ச்சில். அதாவது, இறங்கியது 17 மாதங்களில். ஏறி வந்தது நான்கு ஆண்டுகளில்.

படி 2: அதே குறியீட்டெண்ணின் வேறு இரண்டு சரிவுகளைக் கீழே எழுதுங்கள். 2000 மார்ச்சில் தொடங்கிய சரிவு 49 சதவீதம்; மீள 2007 வரை ஆயிற்று. 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை 34 சதவீதம் விழுந்தது, ஆகஸ்டிலேயே மீண்டுவிட்டது. முதலாவதில், இணைய நிறுவனப் பங்குகளின் விலை அவற்றின் வருமானத்துக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் இருந்தது. இரண்டாவதில், பெருந்தொற்றால் முடங்கிய பொருளாதாரத்துக்குள் அரசுகளும் மத்திய வங்கிகளும் உடனடியாகப் பணத்தை இறக்கின. ஆகவே, ஒவ்வொரு வரிசைக்கும் அருகில் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மோசமான வரிசைகளை விட்டுவிடாதீர்கள். சந்தை எப்போதும் சீக்கிரம் மீண்டுவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் மறைக்கிறார்கள். 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் இருந்த டவ் ஜோன்ஸ் என்ற மற்றோர் அமெரிக்கக் குறியீட்டெண், 1932 ஜூலையில் 41 புள்ளிகளுக்கு வந்தது. பழைய உச்சத்தைத் தொட்டது 1954 நவம்பரில். ஜப்பானின் நிக்கேய் குறியீட்டெண் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. ஆனால் இந்த எண்களில் ஈவுத்தொகை (நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு) சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதைப் பெற்று மீண்டும் முதலீடு செய்தவர் இன்னும் முன்னதாகவே மீண்டிருப்பார்.

படி 4: உச்சத்தன்று மொத்தப் பணத்தையும் போட்டவருக்கே மேற்கண்ட காலக்கணக்கு பொருந்தும். தவணை முறையில் போட்டவரின் கணக்கு வேறு. ஒரு பங்கு நிதியில் ஒரு யூனிட்டின் (நிதியின் ஒரு பங்கின்) விலை 100, பிறகு 50, பிறகு 75 என மாறும்போது, மூன்று முறையும் 1,200 வீதம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பவை 12, 24, 16 என மொத்தம் 52 யூனிட்டுகள். 75 என்ற விலையில் அவற்றின் மதிப்பு 3,900. போட்டதோ 3,600. விலை பழைய உச்சத்தை எட்டாதபோதே பணம் மீண்டுவிட்டது.

படி 5: உங்களுக்குப் பணம் தேவைப்படும் ஆண்டைத் தாளின் அடியில் எழுதி, அதற்கு எத்தனை ஆண்டுகள் உள்ளன என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வரிசையோடும் ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டுகளில் கட்ட வேண்டிய கல்விக் கட்டணம் என்றால், 2007-ஆம் ஆண்டு வரிசையே அதற்குத் தாங்காது; அந்தத் தொகையைப் பங்கில் போடாமல் வைப்புத்தொகையில் வையுங்கள்.