கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும்: சபைக்கு ஸ்லைடும் ஃபிளெக்ஸும் செய்கிறவர்களுக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாட்டு ஸ்லைடும் பண்டிகை ஃபிளெக்ஸும் செய்கிறவள் நான். பகலில் டிடிபி வேலை. எந்த சபையிலும் இந்த வேலை வாலிபர் ஐக்கியத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் தலையில்தான் விழும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டி பக்கத்து ஆளிடம் கேட்காமல் படித்துப் பாட முடிகிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அழகெல்லாம் அப்புறம்.

எழுத்துருவிலிருந்து தொடங்குங்கள். பல சபைகளின் கம்ப்யூட்டரில் பாட்டுகள் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் பாட்டு முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். எல்லாவற்றையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இலவசமாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு வரிவரியாகப் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். கூகுள் ஃபாண்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும் உண்டு, கீழே வாலும் உண்டு. வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை 1.4 அளவுக்கு வையுங்கள். எழுத்தைச் சுற்றித் தடிமனான அவுட்லைன் மட்டும் வேண்டாம். ண, ஞ, ஐ இவற்றின் சுழிகள் அடைபட்டு தூரத்திலிருந்து வெறும் திட்டாகத் தெரியும்.

ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள். 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடி அச்சகத்துக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, இன்னொரு ஸ்லைடு சேர்க்கக் காசு ஆகாது. பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள், பெட்டியின் அகலம் முடியும் இடத்தில் அல்ல. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி ஸ்லைடை மறுபடி ஒட்டி வைத்துவிடுங்கள். ஆராதனை நடுவில் பின்னால் போய்த் தேடினால் சபையே பாட்டை விட்டுவிட்டு நிற்கும். பாமாலைப் புத்தகத்தில் உள்ள பாட்டு என்றால் அதன் எண்ணையும் போடுங்கள், புத்தகம் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பின்னணியில் ஓடும் அருவி, பறக்கும் புறா, சூரிய அஸ்தமனம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வேன். பெரிய ஜன்னல்கள் உள்ள பழைய ஆலயங்களில் காலை வெளிச்சத்தில் ப்ரொஜெக்டர் மங்கிவிடும். அங்கே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் தெளிவு. மாலைக் கூட்டத்துக்கு விளக்கைக் குறைத்தால் அதைத் திருப்பிப் போடலாம். நிறம் வேண்டுமென்றால் திருச்சபை நாட்காட்டியே தருகிறது: கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்துக்கும் ஈஸ்டருக்கு முந்தைய லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேவுக்கு சிவப்பு, அதற்குப் பின் வரும் திரித்துவ காலத்துக்குப் பச்சை. ஸ்லைடின் அடியில் அந்த நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்று போதும்.

ஃபிளெக்ஸ் விஷயம் கொஞ்சம் கடினம், ஏனென்றால் அங்கே கமிட்டி வரும். பிஷப், சேகர குரு (சபைப் போதகர்), செயலர், பொருளாளர் என்று படங்கள் சேரச் சேர அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) என்றைக்கு என்பது மூலைக்குப் போய்விடும். சண்டை போடாதீர்கள். படங்களையும் பெயர்களையும் அழைப்பிதழில் மரியாதையாகப் போட்டுக் காட்டி, ரோட்டோர ஃபிளெக்ஸுக்கு வேறு வேலை என்று எடுத்துச் சொல்லுங்கள். அதில் என்ன நிகழ்ச்சி, தேதியும் கிழமையும், நேரம், இடம் இவ்வளவுதான் இருக்க வேண்டும். பைக்கில் போகிறவர் வண்டியை நிறுத்தாமல் தேதியைப் படித்துவிட வேண்டும். ஒரு வசனம் கட்டாயம் வேண்டுமென்றால் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள். நெருக்கடியில் திணித்த வசனத்தை யாரும் படிப்பதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கடைக்கு பிடிஎஃப் அல்லது ஜேபெக் கொடுங்கள். ஃபோட்டோஷாப் ஃபைலைக் கொடுத்தால் அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது, எழுத்து உடைந்து அச்சாகிவிடும். அச்சுக்குப் போகுமுன் செய்தவரைத் தவிர வேறொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர் வாசிப்பார், ஒற்றுப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது.

எல்லா ஃபைல்களையும் சபையின் பெயரில் உள்ள கூகுள் டிரைவில் வருடவாரியாகப் போட்டு வையுங்கள். நீங்கள் வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பிறகு அடுத்தவர் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்.