உயிர் கட்டுண்ட கதையை எந்த வரிசையில் படிப்பது?

சைவ சித்தாந்தம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாயையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். உலகம் மாயை, அது நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது, உதறினால் விடுதலை என்று மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தோடு, உடல், மனம், உலகு எல்லாவற்றையும் பகுத்துச் சொல்லும் 36 தத்துவங்களுக்குள் நுழைந்தால் சீக்கிரமே தலை சுற்றும். கோயில் மண்டபத்தில் வாராவாரம் பாடம் சொல்லும் நான் அதனால் வரிசையை மாற்றிவிட்டேன். உயிரைக் கட்டும் மூன்று மலங்களில் (அழுக்குகளில்) முதலில் அறிவை மறைக்கும் ஆணவம், பிறகு வினையாகிய கன்மம், கடைசியில்தான் உடம்பும் உலகும் தரும் மாயை. தனியாகப் படிக்கிறவர்களுக்கும் இதே வரிசையைத்தான் சொல்வேன்.

ஆணவத்துக்கு உமாபதி சிவத்தின் திருவருட்பயனை எடுங்கள். நூறு குறள். அவ்வளவும் இப்போது வேண்டாம், ‘இருள்மல நிலை’ என்ற மூன்றாம் அதிகாரத்தின் பத்துக் குறள் போதும். அதில் இதை மனப்பாடமே செய்துவிடுங்கள்:

ஒருபொருளுங் காட்டா திருளுருவங் காட்டும்
இருபொருளுங் காட்டா திது.

சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் ‘இங்கே இருட்டாக இருக்கிறது’ என்பதையாவது காட்டிவிடும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ‘எனக்கென்ன மறைப்பு இருக்கிறது, எல்லாம் தெளிவாகத்தானே தெரிகிறது’ என்று ஒருவர் சொன்னால், மறைப்பு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அதே அதிகாரத்தில் இந்த இருளை ஒரு பெண்ணாக்கி, பலரைக் கூடியும் கணவன் கண்ணுக்கே படாத ‘கற்பு’ உடையவள் என்று கேலி செய்கிறார் உமாபதியார். சாத்திர ஆசிரியருக்குச் சிரிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

படிக்கும்போது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சித்தாந்தத்தில் ஆணவம் ஒரு குணமல்ல, பிழையான எண்ணமும் அல்ல. அது ஒரு பொருள், அறிவில்லாத சடப்பொருள். பொருள் ஒன்றே. ஆனால் ஒவ்வோர் உயிரையும் மறைக்கும் அதன் சத்திகள் தனித்தனி. அதனால்தான் ஓர் உயிருக்குக் கட்டு அவிழ்ந்தால் எல்லா உயிருக்கும் சேர்ந்து அவிழ்ந்துவிடுவதில்லை.

‘சரி, இது எப்போது வந்து ஒட்டியது?’ என்ற கேள்வி கட்டாயம் எழும். சித்தாந்தத்தின் பதில், அநாதி என்பது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் தொடக்கமில்லாதவை. தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பதில் போலத் தோன்றலாம். மறுபக்கத்தை யோசியுங்கள். சுத்தமாக இருந்த உயிரை ஒருநாள் ஆணவம் வந்து பற்றியது என்றால், முத்தி பெற்ற உயிரை அது திரும்ப வந்து பற்றாது என்பதற்கு என்ன உறுதி? அதனால்தான் இதைச் சகசமலம், கூடவே இருப்பது, என்கிறார்கள். உடலோ, மனம், புலன் முதலிய கருவியோ இல்லாமல் ஆணவத்துக்குள் மட்டும் உயிர் கிடக்கும் நிலைக்குக் கேவலம் என்று பெயர். அங்கே உயிர் இருக்கிறது. விழைவும் அறிவும் செயலும் எழுவதில்லை.

கன்மத்தில் முதல் சுற்றில் அதிக நேரம் செலவிடாதீர்கள். சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இந்தப் பிறவிக்கென எடுத்த பிராரத்தம், அதை நுகரும்போது புதிதாக ஏறும் ஆகாமியம் என்ற மூன்றையும் பிரித்துச் சொல்ல வந்தால் போதும். எந்த உடல், எந்த ஊர், எந்த இன்ப துன்பம் என்பதை இது முடிவு செய்கிறது.

இனி மாயை. இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும். இருள்மல நிலையின் கடைசிக் குறள்:

விடிவா மளவும் விளக்கனைய மாயை
வடிவாதி கன்மத்து வந்து.

விடியும் வரைக்கும் விளக்கு. மாயை தரும் உடம்பும் கருவியும் உலகும் ஆணவ இருளில் ஏற்றிவைத்த சிறு விளக்கு. விளக்கு சூரியன் ஆகாது. அதன் வெளிச்சத்தில் தெரிவதும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையே எல்லாம் என்று உயிர் நம்பிவிடுவதால் மாயையும் மலமாகவே எண்ணப்படுகிறது. ஆனால் உயிர் இருட்டிலேயே கிடக்கக் கூடாது என்று இறைவன் கூட்டிவைத்தது அது. கட்டும் அதுதான், கட்டைத் தளர்த்தத் தரும் முதல் உதவியும் அதுதான். இந்த இடம் பிடிபட்டால் 36 தத்துவமும் வெறும் பட்டியலாகத் தெரியாது.

இப்போது ஒரு தாளை எடுங்கள். மேலே ‘ஆணவத்தில் மூடிய உயிர்’ என்று எழுதுங்கள். அதற்குக் கீழே ஐந்து வரி. கலை: ஆணவத்தைச் சற்றே விலக்கி உயிரின் செயலாற்றலை எழுப்புவது. வித்தை: அறிவாற்றலை எழுப்புவது. அராகம்: விழைவை எழுப்புவது. காலம்: நுகர்ச்சிக்கு இறப்பு, நிகழ்வு, எதிர்வு என எல்லை போடுவது. நியதி: செய்த வினையின் பலனைச் செய்தவனே நுகரும்படி நிறுத்துவது. இந்த ஐந்தையும் சட்டையாகப் போட்டுக்கொண்ட உயிருக்குப் புருடன் என்று பெயர். ஐந்தோடு புருடனும் மாயையும் சேர்ந்தால் வித்தியா தத்துவம் 7. அதற்குக் கீழே ஆன்ம தத்துவம் 24: பூதம் ஐந்து, தன்மாத்திரை (ஓசை முதலிய நுண்பொருள்) ஐந்து, ஞானேந்திரியம் (செவி முதலியவை) ஐந்து, கன்மேந்திரியம் (வாய் முதலியவை) ஐந்து, அந்தக்கரணம் (மனம், புத்தி, அகங்காரம், சித்தம்) நான்கு. மேலே உள்ள சிவதத்துவம் 5-ஐ இப்போதைக்குப் பெயரளவில் எழுதி வைத்தால் போதும்.

அப்புறம் அன்றைக்கு நடந்த ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை இந்தத் தாளில் ஓட்டிப் பாருங்கள். நான் வகுப்பில் கொடுப்பது இது: ஓதுவார் தேவாரம் பாடுகிறார், உங்கள் காதில் விழுகிறது, ‘இன்னொரு தடவை பாட மாட்டாரா’ என்று தோன்றுகிறது. இதில் யார் யார் வேலை செய்தார்கள்? ஓசையைச் செவி வாங்கியது. மனம் அதைப் பற்றியது. அகங்காரம் ‘இது இன்னதென நான் அறிவேன்’ என்று எழுந்தது. இன்ன பண் என்று புத்தி நிச்சயித்தது. சித்தம் அதையே சிந்தித்துக்கொண்டிருந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு எல்லோரும் பேனாவை மூடிவிடுவார்கள். இவற்றுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பாக்கி. இன்னொரு தடவை என்ற ஆசை அராகம் எழுப்பியது. ‘முன்பு கேட்டேன், இனியும் கேட்பேன்’ என்ற அளவு காலம் போட்டது. பக்கத்தில் இருந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இன்பம் உங்களுக்கு மட்டும் வந்ததே, அங்கே நியதி. கலையையும் வித்தையையும் நீங்களே வைத்துப் பாருங்கள். இப்படித் தினம் ஒன்று எழுதினால் பெயர்கள் தானாக மனத்தில் தங்கிவிடும்.

இந்த ஐந்து பெயரும் காஷ்மீர சைவத்திலும் அப்படியே வரும். இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். அபிநவகுப்தர், க்ஷேமராஜர் வழியில் சிவனே தன் விருப்பத்தால் சுருங்கி உயிராகிறான். எல்லாம் வல்ல தன்மை சுருங்கினால் கலை, எல்லாம் அறியும் தன்மை சுருங்கினால் வித்தை, நிறைவு சுருங்கினால் அராகம். அங்கே கஞ்சுகம், அதாவது இந்த ஐந்து சட்டை, குறைக்கிறது. இங்கே அதே கஞ்சுகம், ஒன்றுமே எழாமல் கிடந்த உயிருக்குக் கொஞ்சமாவது திறந்துவிடுகிறது. அங்கே ஆணவம் ஒரு குறைபட்ட அறிவு. இங்கே நீக்க வேண்டிய ஒரு பொருள். எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதைத் தினமும் பார்க்க ஒரு வழி உண்டு. சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிரை ஐந்து அவத்தை (நிலை) உடையதென்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். சிவஞான சித்தியார் இதற்குக் கணக்கே தருகிறது. நனவில் புருவநடுவில் 35 கருவிகள். கனவில் கண்டத்தில் (தொண்டையில்) 25. பத்து இந்திரியங்கள் கழன்றுவிட்டன. உறக்கத்தில் இதயத்தில் 3: சித்தம், பிராணன், புருடன். பேருறக்கத்தில் சித்தமும் போய் நாபியில் 2. உயிர்ப்படங்கலில் மூலாதாரத்தில் புருடன் மட்டும். கருவி கழலக் கழல அறிவு கூடவில்லை, குறைந்துகொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தால் மீதி இருப்பது இருட்டுதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. இந்த 35 வேறு, 36 தத்துவம் வேறு. இதில் பத்து வாயுக்களும், ஓசை முதலிய விடயங்களும், பேசுதல் முதலிய தொழில்களும் எண்ணப்படுகின்றன. அடுத்தது, பேருறக்கத்துக்குத் துரியம் என்றும் பெயர் உண்டு. வேதாந்தப் புத்தகத்தில் துரியத்தை உச்ச நிலையாகப் படித்தவர்கள் அதை இங்கே கொண்டுவந்து பொருத்திவிடுகிறார்கள். நாம் பார்ப்பது கீழே இறங்கும் படிகள். அருளில் நிற்கும் சுத்த அவத்தை தனிப் பாடம்.

இவ்வளவும் தாளில் ஏறிய பிறகு உண்மை விளக்கத்துக்குப் போங்கள். திருவதிகை மனவாசகம் கடந்தார் குருவிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதாக அமைந்த சிறு நூல். வெண்பாக்கள் எளியவை, தத்துவங்களை அது ஒவ்வொன்றாக விளக்கும்போது உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். அதன்பின் சித்தியார். சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய பேருரையான மாபாடியத்தை மட்டும் தனியாகத் தொடாதீர்கள். அதற்கு எதிரே ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும்.