ரீயூனியன் பதிவேடுகளில் ‘தங்காத’ பிள்ளையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தமிழ்க் குடும்பங்களில் கொடிவழி எழுத உட்காருபவர்கள் பலருக்கும், “மூத்தது தங்கவில்லை” என்று பாட்டி எப்போதோ சொன்ன ஒரு வாக்கியம் மட்டுமே கையில் இருக்கும். அந்த மூத்த பிள்ளை எந்த ஆண்டு பிறந்தது, எத்தனை நாள் உயிரோடிருந்தது, எந்தத் தோட்டத்தில் இறந்தது என்பவற்றை மேரி எனப்படும் நகராட்சி அலுவலகங்களின் எத்தாசிவில் (பிறப்பு, கல்யாணம், இறப்பு) பதிவேடுகளிலிருந்து பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். ஆயினும் தேடுகிறவர்கள் பாதி வழியில் கைவிடுகிறார்கள், அல்லது தவறான குழந்தையை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

முதல் தவறு, பிறப்புப் பதிவேட்டை மட்டும் புரட்டுவது. அன்றைய பிரெஞ்சு சிவில் சட்டப்படி பிறப்பை மூன்று நாட்களுக்குள் அறிவிக்க வேண்டியிருந்தது. அதற்குள், பிறப்புப் பதிவாகும் முன்பே குழந்தை இறந்துவிட்டால், 1806 ஜூலை 4-ஆம் தேதிய ஆணையின்படி, அதற்குப் பிறப்புப் பதிவே எழுதப்படவில்லை. ‘உயிரற்ற குழந்தை’ என்ற பொருள்படும் ‘ஆன்ஃபான் சான் வீ’ என்ற தலைப்பில் இறப்புப் பதிவேட்டில் ஒரே ஒரு பதிவுதான் இடப்பட்டது. பெற்றோரின் பெயரும், குழந்தை தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்த நாளும் மணியும் அதில் இருக்கும்; குழந்தைக்குப் பெயர் இராது. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ‘செத்துப் பிறந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதை அந்தப் பதிவு தீர்மானிக்கக் கூடாது என்று ஆணையே சொல்கிறது. இரண்டு நாள் பாலுண்டு கண்விழித்துக் கிடந்த பிள்ளையும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கலாம். ஆகவே பாட்டியின் சொல் வேறாக இருந்தால், பதிவைக் காட்டி அதை மறுத்துவிடாதீர்கள்.

பதிவேடுகளுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணையை மட்டும் நம்புவதும் இதனால்தான் ஆபத்தாகிறது. பெயரில்லாத குழந்தை தகப்பன் பெயரின் கீழும் வரலாம், தாயின் பெயரின் கீழும் வரலாம், ‘ஆன்ஃபான்’ என்ற சொல்லுக்குரிய எழுத்தின் கீழும் வரலாம், விடுபட்டும் போகலாம். பெற்றோர் சேர்ந்து வாழத் தொடங்கிய ஆண்டிலிருந்து, அடுத்த பிள்ளை பிறந்த ஆண்டு வரை, இறப்புப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு கம்யூனுக்கு (நகராட்சிப் பகுதிக்கு) இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் பிடிக்கும் வேலைதான் அது.

பெயர் விஷயத்தில் நடக்கும் தவறுகளே மிகுதி. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும், 1861 ஜூலை 1-இல் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கைக்குப் பின் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இருந்ததில்லை. ஆளுக்கு ஒரு பெயர், அதனோடு மாத்ரிக்யூல் எனப்படும் ஒரு பதிவு எண், அவ்வளவுதான். தாலி கட்டிய கல்யாணத்தை எத்தாசிவில் கல்யாணமாக ஏற்கவில்லை. ஆகையால் மேரியில் பதியாத தம்பதியின் குழந்தை, தகப்பன் ஏற்றுப் பதிவு செய்யாதவரை, தாயின் பெயரிலேயே எழுதப்பட்டது. பின்னாளில் அவர்கள் மேரிக்குப் போய்ப் பதிந்துகொண்டபோது, உயிரோடிருந்த பிள்ளைகள் சட்டப்படி தகப்பன் பெயருக்கு மாறினார்கள். இறந்துபோன மூத்தது தாயின் பெயரிலேயே நின்றுவிட்டது. முத்துசாமி என்ற பெயரை ஒரே எழுத்தரே மூன்று விதமாக எழுதிய காலம் அது. தகப்பன் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டுவதால், இருக்கிற குழந்தையை நாமே தொலைத்துவிடுகிறோம்.

எங்கள் குடும்பத்தில் நான் செய்த தவறு இதற்கு நேர் எதிரானது. கொள்ளுத்தாத்தாவின் பெயரும் பெற்றோர் பெயரும் ஒத்த ஒரு பிறப்புப் பதிவைக் கண்டு, அவரே என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பதிவில் இருந்த வயதோடு இரண்டரை ஆண்டு இடித்தது. எழுத்தர் பிழை என்று தள்ளிவிட்டேன். அதே பெயரில் ஏழு மாதக் குழந்தையின் இறப்பு அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் இருப்பதை வெகுநாள் கழித்தே பார்த்தேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிற நம் வழக்கத்தில், முதல் பேரன் போய்விட்டால் அடுத்தவனுக்கு அதே பெயரை வைப்பது இயல்பு. அதை அறிந்திருந்தும், அண்ணனின் பிறந்த நாளைத் தம்பிக்கு எழுதி வைத்திருந்தேன்.

பெயரே தடயமாவதும் உண்டு. பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் இட்டு எடுத்து, குப்புசாமி என்றோ குப்பம்மாள் என்றோ, மடிப்பிச்சையாகப் பெற்றதாகக் கருதிப் பிச்சை என்றோ பெயரிடும் வழக்கத்தை நம் முன்னோர் கடல்தாண்டியும் கொண்டுவந்தார்கள். அப்பெயரைக் கண்டால் அதற்கு முந்திய நான்கைந்து ஆண்டுகளின் இறப்புகளைப் பாருங்கள். ஆனால் அது பாட்டன் வழி வந்த பெயராகவும் இருக்கக்கூடும் என்பதால், அதையே சான்றாகக் கொள்ளக் கூடாது.

பிறப்புப் பதிவின் ஓரத்தில் இறப்புக் குறிப்பு இல்லை, எனவே குழந்தை வளர்ந்திருக்கும் என்று எண்ணுவது இன்னொரு பெருந்தவறு. கல்யாணத்தை ஓரத்தில் குறிக்கும் விதி 1897-இலும், இறப்பைக் குறிக்கும் விதி 1945-இலும்தான் வந்தன. மேலும், பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் படங்கள், 1776-ஆம் ஆண்டு ஆணைக்கிணங்கப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட படிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. தீவிலேயே தங்கிய பதிவேட்டில் பிற்பாடு எழுதிய ஓரக்குறிப்புகளை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

இறப்புப் பதிவில் காரணம் எழுதும் வழக்கம் இல்லை. காய்ச்சலா, பேதியா என்று அதில் தேட வேண்டாம். அறிவித்தவர்களாகக் கையெழுத்திட்ட இருவரை உறவினர் என்று கொள்வதும் தவறு. பெரும்பாலும் அவர்கள் தோட்டத்து ஊழியர்களாகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் குடும்பம் வேறு முதலாளியிடம், வேறு கம்யூனுக்குப் போயிருக்கலாம். கம்யூன் எல்லையே மாறியதும் உண்டு: பிரா பனோன் 1882-இல்தான் சேன் பெனுவாவிலிருந்து பிரிந்தது, தம்போன் 1925-இல் சேன் பியேரிலிருந்து பிரிந்தது. அவ்வூர்களின் அதற்கு முந்திய குழந்தைகளைத் தாய்க் கம்யூனின் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கண்டுபிடித்த பின் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெயரில்லாத இடம் மனத்தை உறுத்துவதால், வீட்டுப் பெயர் ஒன்றைத் தாமாகவே எழுதி நிரப்பிவிடுகிறார்கள். அப்படி எழுதிய பெயரைப் பேரப்பிள்ளைகள் பதிவேட்டில் தேடி ஏமாறுவார்கள். தேதி, மணி, ஆணா பெண்ணா என்ற விவரம், கம்யூன், பதிவு எண் ஆகியவற்றை எழுதி, பெயரிருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் இடப்படவில்லை’ என்றே எழுதுங்கள். பிள்ளைகளின் வரிசையில் அதுவே முதலாவதாக இருக்கட்டும்.