யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு எடுத்தால் பிளைண்ட்ஸைக் கிணற்றடிக்குக் கொண்டு போகாதீர்கள்

வேலைக்கோ படிப்புக்கோ தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். விசா முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், நீட்டிப்புக்குக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. புது வீடுகளில் பிளக் மூன்று பட்டைக் கால் உள்ளது, நம் ஊர் உருண்டைக் கால் நுழையாது, அடாப்டர் வேண்டும். சரி, இதெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குப் பணம் போனது ஜன்னலில்.

இங்கே நல்ல வாடகை வீடுகள் பலவும் வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டியவை. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பழகியதால் துணித் திரைக்குப் பதிலாக பிளைண்ட்ஸ் மாட்டியிருப்பார்கள். நான் எடுத்த வீடு திருநெல்வேலியில். ஆமாம், இங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு, பல்கலைக்கழகம் இருக்கும் இடம். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள் நான். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு வேறு ஊரில் வீடு பார்க்க மனம் வரவில்லை.

ஹாலில் மேலிருந்து கீழாகத் தொங்கும் துணிப் பட்டைகள், படுக்கையறையில் அலுமினியத் தகடுகள். மே மாதக் கடைசியில் சோளகம் என்று இங்கே சொல்லும் தென்மேற்குக் காற்று கிளம்பியதும் தோட்டத்துச் செம்மண் மாவாகப் பறந்து உள்ளே வந்தது. ஒரு பட்டையைத் தொட்டேன், விரல் நுனி குங்குமச் சிமிழில் விட்டது போல இருந்தது. துணிப் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிக் கிணற்றடியில் சோப்புத் தூளில் ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். ஊரில் ஸ்க்ரீன் துணியை அப்படித்தானே துவைப்போம்?

சாயங்காலம் போய்ப் பார்த்தால் பட்டை முழுக்க வெள்ளை வளையங்கள். தண்ணீர் சொட்டி நின்ற கீழ் முனையில் தடிப்பாகவே படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஓரங்களில் நூல் பிரிந்துவிட்டது. பிழிந்த இடத்தில் விழுந்த மடிப்பு கடைசி வரை நிமிரவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உதைக் கிணத்துத் தண்ணியிலயோ தோய்ச்சனீர்? சுண்ணாம்பு படியுமெண்டு ஒருதரும் சொல்லேல்லையோ?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். கல்லுக்குள் இறங்கி ஊறிய மழைதான் கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் காய்ந்துவிடும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு துணியிலேயே தங்கிவிடும். சோப்பும் அதோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகிவிடும். அந்தப் பட்டைகளும் சாதாரணத் துணி இல்லை. கஞ்சி போட்டது போல விறைப்பேற்றியவை, அந்த விறைப்பு போனால் பட்டையே போயிற்று.

வீட்டுக்காரர் வெளிநாட்டில், பொறுப்பு அவருடைய உறவினரிடம். காலி செய்தபோது முற்பணத்தில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கெடுத்ததற்குப் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை. நான் வருவதற்கு முன்பே கிழிந்திருந்த நான்கு பட்டைகளையும் என் தலையில் கட்டியதுதான் இன்னும் ஆறவில்லை. என்னிடம் ஒரு படம்கூட இல்லை. சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு ஜன்னலையும் படமெடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். பிளைண்ட்ஸ் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

துடைப்பது பெரிய வேலை இல்லை. சோளகக் காலத்தில் வாரம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் தூசியை உலர்வாகவே தட்டிவிடுங்கள், ஈரம் பட்டால் செம்மண் சாயமாக ஏறிவிடும். அலுமினியத் தகடுகளை ஒரு பக்கமாக மூடி மேலிருந்து கீழே துடையுங்கள், அப்புறம் மறுபக்கம் திருப்பி இன்னொரு முறை. பழைய பனியன் துணியே போதும். ஈரம் வேண்டுமென்றால் குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்துகொள்ளுங்கள், துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தகட்டில் வெள்ளை படிந்துவிட்டால் வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்து எடுக்கலாம். கடையில் வினாகிரி என்று கேளுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், பெயிண்ட் போகக்கூடாது. துணிப் பட்டையில் கறை இருந்தால் தொங்கும் நிலையிலேயே ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மரத் தகடு என்றால் உலர்ந்த துணி மட்டும்தான். வீட்டில் குழந்தை இருந்தால் இழுக்கும் கயிற்றை எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள், கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது இருக்கும் வீட்டில் ஐப்பசி பிறந்ததும் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு டிரம் வைத்துவிடுகிறேன். முதல் இரண்டு மழையை விட்டுவிட வேண்டும், கூரை அழுக்கெல்லாம் அதில் போய்விடும். அதற்குப் பிறகு பிடித்த தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, அலுமினியத் தகடுகளுக்கு அதுதான். போன கார்த்திகையில் அதில் ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போட்டுக் கலக்கினேன். தாமிரபரணிப் படித்துறையில் அம்மா துவைக்கும்போது பொங்குமே, அதே மாதிரி நுரைத்தது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.